ஜப்பான் அண்ணாச்சியின் போணி

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில், உப்பாத்துமுனை கடைத்தெருவில், பலவேசம் சலூன் வாசலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த இரும்பு முகத்துக்குத் தாடி முளைத்திருந்தது. கடையைத் திறக்க வந்த வெயிலுகந்தாள் அதை ஏறிட்டுப் பார்த்தாள், புறங்கையால் அதன் கன்னத்தை ஒரு தடவு தடவினாள், முள் குத்துகிறது என்பது உறுதியானதும் உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். அலறியிருக்கலாம், பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், சூடம் கொளுத்தியிருக்கலாம். ஆனால் ஆவணி பிறந்ததிலிருந்து ஓர் ஆண்பிள்ளைகூட வந்து உட்காராத நாற்காலியை வைத்துக்கொண்டு தினமும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, வந்திருப்பது எப்பேர்ப்பட்ட முகம் என்று விசாரிக்க மனம் வரவில்லை.

கடை அவள் புருஷன் பலவேசத்தினுடையது. ஆனி மாதம் உப்பு லாரி திரும்பும் வளைவில் பைக் சறுக்கி விழுந்ததில் அவனுடைய வலது தோளில் நரம்பு அறுந்துபோனது. கை இருந்தது, ஆனால் ஒரு சீப்பைப் பிடிக்கக்கூட அந்தக் கைக்குத் தெம்பு இல்லை. ஊரில் பாதிப் பேருடைய முகத்தை இத்தனை வருஷம் வழித்துவிட்ட ஆள், வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் முகத்தை மட்டும் யாரையும் தொடவிடாமல் தாடி வளர்க்க ஆரம்பித்தான். வெயிலுகந்தாளுக்கு வேலை தெரியாமல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கத்தி தீட்டிக் கொடுத்ததும் சோப்பு நுரை கலக்கிக் கொடுத்ததும் அவள்தான். அவன் விழுந்த பிறகு ஊதிய பலூனில் நுரையைத் தடவி, வெடிக்காமல் வழிக்கிற வரைக்கும் பழகிக்கொண்டாள். பலூன் வெடித்த நாட்களில் பலவேசம் சிரித்தான். வெடிக்காத நாட்களில் சிரிக்கவில்லை.

"ஏட்டி உகந்தா, பலூன் நீட்டும். எவன்ட்டி உங்கிட்ட கழுத்தை நீட்டுவான்?" என்றான்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஊரில் ஒரு கடைக்குக் காலையில் முதலாவதாக வந்து உட்காருகிறவர்தான் போணி. போணி ஆகாத சலூனில் இன்னொருவர் உட்கார மாட்டார். பொம்பளை கத்தி பிடிக்கிற கடையில் போணி செய்தவன் என்று பெயர் வாங்க எவரும் தயாராக இல்லை. இரண்டாவது ஆளாக வருவதற்கு நிறையப் பேர் மனதுக்குள் தயாராகத்தான் இருந்தார்கள், ஏனென்றால் அடுத்த சலூனுக்குப் பஸ் ஏறிப் போகவேண்டும். முதல் ஆள்தான் கிடைக்கவில்லை. இப்படியே போனால் சரிப்படாது என்று பலவேசம் கோவில்பட்டியில் இருக்கும் தன் சித்தப்பா மகன் கொம்பையாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். பொங்கல் முடிந்ததும் கொம்பையா வந்து கடையை எடுத்துக்கொள்வான், பலவேசமும் பெண்டாட்டியும் அவன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துகொள்வார்கள்.

வெயிலுகந்தாளுக்கு அந்தக் கடை வேண்டியிருந்தது. சோற்றுக்காக மட்டும் இல்லை. அந்தப் பெரிய கண்ணாடி முன்னால் கத்தியோடு நிற்கும்போது அவளுக்குத் தன்னைப் பிடித்திருந்தது. அப்படி ஒரு பிடித்தம் தனக்கு இருக்க முடியும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

ஆள் வராமல் போனதற்குக் கடைக்குத் திருஷ்டி பட்டதுதான் காரணம் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, திருஷ்டி பொம்மை வாங்கப் பழைய இரும்புக் கடை மைதீன் பிச்சையிடம் போனாள். மண்ணில் செய்தது மழையில் கரைந்துவிடும், பிளாஸ்டிக்கில் செய்ததைப் பார்த்தால் திருஷ்டிக்கே சிரிப்பு வரும். மைதீன் பிச்சை அவளை உள்ளே கூட்டிப்போய், எங்கோ உடைத்த ஜப்பான் சரக்குக் கப்பலின் சாமான்களோடு வந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் ஒரு இரும்புத் தலைக்கவசம் இருந்தது. நீள நீளத் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்து, பிடரியை மூட அடுக்கடுக்காகத் தகடு தொங்கவிட்டு, நெற்றியில் பித்தளைத் தட்டான் ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். அதற்கடியில் முகக்கவசம். கண்ணுக்குக் கீழே தொடங்கி மூக்கு, வாய், கன்னம், தாடை எல்லாம் இரும்பு. கன்னத்தில் கோபச் சுருக்கங்கள். வாய்க்குள் தங்கப்பூச்சுப் பூசிய பல். மேலே வெள்ளை முடியில் முறுக்கிய மீசை. தாடைக்கு அடியில் என்னத்துக்கென்று தெரியாத ஒரு துளை.

"திருஷ்டி பொம்மைன்னா இதுல்லா திருஷ்டி பொம்மை," என்றார் மைதீன் பிச்சை. "எடை போட்டு விக்க மனசு வரலம்மா. மொறச்சுப் பாக்கான். நீயே கொண்டுபோ."

உலகத்தில் வேறெந்த ஊராக இருந்தாலும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். உப்பாத்துமுனையில் ஆணி அடித்து வாசலில் மாட்டி, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு பச்சை மிளகாயையும் கோர்த்துத் தொங்கவிட்டார்கள். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. புதன்கிழமை தாடி.

வெயிலுகந்தாள் கவசத்தை ஆணியிலிருந்து இறக்கி, நாற்காலியின் தலைச்சாய்ப்பில் சாய்த்து வைத்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, நுரை போட்டு, வழித்தாள். சுருக்கம் சுருக்கமாக இருந்த அந்தக் கன்னத்தில் கத்தியை எங்கே படுக்க வைப்பது, எங்கே நிமிர்த்துவது என்று ஒவ்வொரு இடமாக யோசிக்கவேண்டியிருந்தது. சோப்புத் தண்ணீர் வழிந்து வழிந்து தாடைக்கு அடியில் இருந்த துளை வழியாகச் சொட்டு சொட்டாக இறங்கியது, ஒரு பொட்டுகூடத் துணியில் படவில்லை. முடித்ததும் படிகாரக் கல்லைத் தடவி, பவுடர் போட்டு, மீசை நுனியை முறுக்கிவிட்டு, "போணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஆணியில் மாட்டினாள். வியாழக்கிழமை காலையில் மறுபடியும் தாடி இருந்தது.

டீக்கடைக்காரர் பார்த்து பால்காரரிடம் சொல்ல, பால்காரர் வீடு வீடாகப் பாலோடு சேர்த்து அதையும் ஊற்றிவிட்டுப் போக, வாரம் முடிவதற்குள் உப்பளத்துக்குப் போகிறவர்களும் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடப் போகிறவர்களும் கொஞ்சம் சுற்றுவழியானாலும் பரவாயில்லை என்று சலூன் வழியாகவே போகத் தொடங்கினார்கள். இரும்பில் எப்படி முடி வளரும் என்று முதல் நாள் கேட்டார்கள். இரண்டாம் நாள் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை மற்றவர்கள் முறைத்தார்கள். பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, இது ஜப்பான் தேசத்தில் யுத்தத்துக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்வது என்று வரலாற்று வாத்தியார் சொன்னதும் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோனது.

"ஜப்பான் சாமானா? அப்பச் சரி," என்றார் டீக்கடைக்காரர். "எங்கப்பா வாங்கின ஜப்பான் ரேடியோ இன்னிக்கும் பாடுது. அவன் செஞ்சா நின்னு பேசும்லா. முடி வளராம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து அது ஜப்பான் அண்ணாச்சி ஆனது. பெண்கள் அவர் முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனார்கள், வெற்றிலை போட்ட கிழவர்கள் அவர் இருக்கும் பக்கம் துப்பாமல் தலையைத் திருப்பித் துப்பினார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் சலூனுக்கு ஒன்று, அண்ணாச்சிக்குத் தனியாக ஒன்று என்று வைத்தார்கள். வழித்த முடியைப் பொட்டலம் கட்டிப் பிள்ளைகளின் அரைஞாணில் கோர்த்தால் பயம் தெளியும் என்று யாரோ கிளப்பிவிட, அதற்கும் கூட்டம் வந்தது. மைதீன் பிச்சை வந்து, "நான் இரும்பைத்தான் கொடுத்தேன், முடியைக் கொடுக்கல, பாத்துக்கோ" என்று ஒருநாள் வம்பு பேசிவிட்டு, தன் பேரனுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் ஒரு காரியம் சத்தமில்லாமல் நடந்திருந்தது. போணி பிரச்சினை தீர்ந்துவிட்டது. தினமும் காலையில் முதல் ஆளாக ஒருவர் அந்த நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து, கோபமாகத்தான் என்றாலும் ஒரு முனகல்கூட இல்லாமல், பொம்பளையின் கத்திக்குத் தாடையைக் கொடுத்தார் என்பதை ஊரே கண்ணால் பார்த்தது. அவருக்குப் பிறகு உட்காருகிறவர் இரண்டாவது ஆள்தான்.

அந்த இரண்டாவது ஆள் ஏட்டு நல்லபெருமாள். சலூனில் கூட்டம் சேருகிறது என்று விசாரிக்க வந்தவர், உப்பாத்துமுனையிலேயே பெரிய மீசை தன்னுடையதுதான் என்று பதினெட்டுப் பட்டிக்கும் தெரியவைத்திருந்தவர், ஜப்பான் அண்ணாச்சியின் மீசையை இந்தப் பக்கம் நின்று பார்த்து, அந்தப் பக்கம் நின்று பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இந்த முறுக்கு யாரு வச்சது?"

"நான்தான் சார்," என்றாள் வெயிலுகந்தாள்.

"உம்புருஷன் எனக்கு ஒரு நாளும் இப்படி வச்சதில்லையே." ஏட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "சட்டம் ஒழுங்கு விஷயமாத்தான் உக்காருதேன்," என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரும்பில் பழகிய கைக்கு ஏட்டின் கன்னம் வெண்ணெயாக இருந்தது. முடிந்ததும் அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவர் பெண்டாட்டி வழியில் வெயிலுகந்தாளை நிறுத்தி, தன் புருஷன் முகத்தைத் தொட்டதற்குச் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எல்லாரும் ஒதுங்கி நிற்க, "நல்லாச் செஞ்சிருக்கக்கா, ஆனா காதுல இருக்க முடியையும் சேத்து எடுத்து விட்ரு" என்றாள். அதற்குப் பிறகு மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு ஆட்களை அவர்களாகவே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

கார்த்திகை பிறந்தது. ஊரில் முக்கால்வாசி ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார்கள். மாலை போட்டவர் மலைக்குப் போய்வரும்வரை தாடியில் கத்தி வைப்பதில்லை. சலூன் காற்றாட ஆரம்பித்தது. அண்ணாச்சியும் மாலை போட்டிருக்கிறாரா, அவருக்கு விரதம் உண்டா என்று டீக்கடையில் பெரிய வாக்குவாதம் வந்து, கடைசியில் குருசாமியிடமே போய்க் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி யோசித்து, "அவரு மாலை கேட்டு வாங்கிக்கிடல. அதனால சேவிங் உண்டு" என்று தீர்ப்பு சொன்னார். ஆகவே கார்த்திகை முழுக்கவும் மார்கழி முழுக்கவும் அநேக நாட்கள் அந்தக் கடையில் போணியும் அண்ணாச்சிதான், கடைசி ஆளும் அண்ணாச்சிதான். வெயிலுகந்தாள் அவரோடு பேசப் பழகிக்கொண்டாள். வீட்டில் இருக்கிற ஆள் பேசுவதில்லை, எதிரில் இருக்கிற ஆள் எதிர்த்துப் பேசுவதில்லை. இரண்டில் இது தேவலை என்றிருந்தது.

மார்கழியில் சென்னை மியூசியத்திலிருந்து தேன்மொழி என்று ஒரு பெண் வந்தாள். கவசத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள். இது எத்தனையோ தலைமுறைக்கு முந்தியது, தாடையில் இருக்கும் துளை வியர்வை வடிய வைத்தது, தட்டான் பின்னால் போகாமல் முன்னால் பாய்கிற பூச்சி என்பதால் வீரர்கள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல ஊர் வாயைப் பிளந்து கேட்டது. மறுநாள் காலையில் வெயிலுகந்தாள் அதை வழிப்பதைத் தேன்மொழி பக்கத்தில் நின்று பார்த்தாள். தாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் இதை எழுதிக் கொடுத்தா என்னை வேலையில வச்சிருக்க மாட்டாங்க," என்று சொல்லி நோட்டை மூடிவிட்டு, போணி ஆளை எப்படிப் பிரித்துக் கொண்டுபோவது என்று அவளே கேட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஏறுவதற்கு முன்னால் வெயிலுகந்தாளிடம் ஒன்று சொன்னாள். அதை வெயிலுகந்தாள் அன்று மத்தியானம் பலவேசத்துக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

"அந்த மொகரையும் மீசையும் எதிராளியைப் பயங்காட்ட மட்டும் இல்லையாம். உள்ள இருக்கவன் பயந்து போயிருந்தாலும் வெளிய தெரியக் கூடாதாம். அதுக்கும்தானாம்."

பலவேசம் மெல்லுவதை நிறுத்தினான். கழுத்துவரை இறங்கியிருந்த தாடியை இடது கை தானாகப் போய்த் தடவியது. வெயிலுகந்தாளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. இத்தனை மாதமாக இந்த மனுஷன் கோபமாக இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. அழுதால் இன்னும் ஒரு முழம் வளர்த்துவிடுவான் என்று ரசத்தை ஊற்றினாள்.

"ரசத்துல உப்பு இல்ல," என்றான் பலவேசம். கொம்பையாவை வரவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தை பிறந்தது. மலைக்குப் போனவர்கள் எல்லாரும் மகரஜோதி பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்பினார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் காலையில், சலூன் திறக்கும் முன்பே, பெஞ்சு நிறைந்து, வாசல்படி நிறைந்து, டீக்கடை வரைக்கும் தாடிகள் நின்றன. வருஷத்திலேயே பெரிய நாள் அது. அதே நாளில்தான் கொம்பையாவும் வருவதாக இருந்தது.

வெயிலுகந்தாள் கடைக்கு வந்து அண்ணாச்சியை ஏறிட்டுப் பார்த்தாள். கன்னம் வழுவழுவென்று இருந்தது. முந்தின நாள் வழித்தது வழித்தபடி இருக்க, அது போதாதென்று, இத்தனை நாளும் அவள் முறுக்கி முறுக்கி வைத்த மீசையும் உதிர்ந்து கீழே வாசல் சிமெண்டில் கிடந்தது. மீசை இல்லாத அந்த வாய் இப்போது அதட்டுவது போல இல்லை. ஏதோ கேட்க வந்து, கேட்க வெட்கப்பட்டு நிற்கிற ஒரு பையனுடையது போல இருந்தது. அவள் புறங்கையால் தடவிப் பார்த்தாள். இரும்பு இரும்பாகவே இருந்தது, குளிர்ந்துபோய்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எழுந்து நாற்காலிக்கு வரவில்லை. மாலை போடும்வரை அவளிடம் வந்தவர்கள்தான், நாளைக்கும் வரப்போகிறவர்கள்தான். ஆனாலும் ஒருவர் மேலே பார்த்தார், ஒருவர் கீழே பார்த்தார், குருசாமி கண்ணையே மூடிக்கொண்டார். ஏட்டு நல்லபெருமாள் இருந்தால் சட்டம் ஒழுங்கு என்று எதையாவது சொல்லி உட்கார்ந்திருப்பார். அவருக்கு அன்று திருச்செந்தூரில் பந்தோபஸ்து.

"ஒருத்தரும் இல்லையா?" என்று வெயிலுகந்தாள் கேட்டாள். கெஞ்சக் கூடாது என்று நினைத்துத்தான் கேட்டாள், ஆனால் குரல் கெஞ்சியது.

"ஒங்கிட்ட குறை ஒண்ணும் இல்லம்மா," என்றார் டீக்கடைக்காரர். "போணின்னு ஒண்ணு இருக்குல்லா..."

அந்த நேரம் பார்த்துக் கொம்பையா வந்து சேர்ந்தான். கையில் புது மெஷின் வைத்த பெட்டி, முகத்தில் பஸ் தூசி. அவனுக்குப் பக்கத்தில் பலவேசம், இத்தனை மாதத்தில் முதல் தடவையாகத் தெருவுக்கு வந்தவன், கொம்பையாவுக்குக் கொடுக்க எடுத்து வந்த மாற்றுச் சாவியை இடது கையில் இறுக்கிப் பிடித்தபடி. கொம்பையா கெட்டவன் இல்லை. கூட்டத்தைப் பார்த்தான், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான், அவனுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"மைனி, இதுக்கெல்லாம் நீங்க என்ன செய்வீங்க. தள்ளுங்க, நான் ஆரம்பிச்சு வைக்கேன்," என்று பெட்டியைத் திறக்கப் போனான்.

பெஞ்சில் இருந்த தாடிகள் நிம்மதியாக மூச்சுவிட்டன. வெயிலுகந்தாள் கத்தியை மடக்கினாள். மடக்கும்போது அவள் கை நடுங்கவில்லை என்பதைப் பலவேசம் பார்த்தான். தன் கையில் சாவி நடுங்குவதையும் பார்த்தான். தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இத்தனை மாதமும் தாடிக்குள் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் அந்தச் சின்னச் சாவியில் கிலுகிலு என்று சத்தம் போட்டது.

அவன் கொம்பையாவைத் தாண்டிப் போனான். பெஞ்சைத் தாண்டிப் போனான். அந்த நாற்காலியில் ஏறவேண்டும் என்றால் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும், பிடிக்க அவனுக்கு இடது கை ஒன்றுதான் இருந்தது.

"இதைப் பிடி," என்று சாவியை வெயிலுகந்தாளிடம் கொடுத்தான்.

இத்தனை வருஷம் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவன், முதல் தடவையாக அதில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, அதற்குப் பின்னால் நின்ற பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. தனக்கும் அதே நிலைமைதான் என்பதும் கண்ணாடியில் தெரிந்தது.

"அண்ணே, அப்ப நான்?" என்றான் கொம்பையா.

"வரிசையில இருல," என்றான் பலவேசம். பிறகு தொண்டையைச் செருமி, அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரும் அவனைக் கூப்பிட்டு வந்த அந்தச் சொல்லை, வேறு யாரும் இதுவரை அவளுக்குக் கொடுத்திராத அந்தச் சொல்லை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"மாஸ்டர், ஒரு சேவிங்."

வெயிலுகந்தாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளைத் துணியை ஒரு உதறு உதறி அவன் கழுத்தில் கட்டினாள். வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. "நிமிருங்க," என்றாள். பலவேசம் கண்ணை மூடிக்கொண்டு, தாடையை மேலே தூக்கி, கழுத்தை நீட்டினான்.